பாண்டுரங்கனின் இடது கை

செஞ்சி பஜாரில் பாத்திரத்தை எந்தக் கடையில் வாங்கினாலும் சரி, அதில் பெயர் வெட்டிக்கொள்ள எல்லோரும் பாண்டுரங்கனின் பாத்திரக் கடைக்குத்தான் வருவார்கள். கல்யாணச் சீர்க் குடமோ, கருமாதிக்குக் கொடுக்கிற டம்ளரோ, அவர் வெட்டின எழுத்து கோணாது. வலது கையில் மிஷினைப் பிடித்துக்கொண்டு, இடது கையால் பாத்திரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பியபடியே ஊர்க்கதை எல்லாம் பேசுவார். "வெட்டுறது மிஷின். கோணாம திருப்புறது இடது கை. நான் சும்மா பேசிக்கினு இருக்கேன், அவ்ளோதான்" என்று சிரிப்பார். வாய் முகூர்த்தம் என்பார்களே, அது தை மாதத்தில் பலித்துவிட்டது.

காலையில் கடை ஷட்டரைப் பாதி தூக்கியவர் அப்படியே சரிந்தார். புதுச்சேரிக்குக் கொண்டு ஓடினார்கள். மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு என்றார்கள். மாசி பிறப்பதற்குள் நடந்து வீட்டுக்கு வந்துவிட்டார், பேச்சும் குழறவில்லை. "உன் தாலி பாக்கியம்" என்று தெருவே சொன்னது. அவர் மனைவி ரஞ்சிதமும் அதை நம்பிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். கையைப் பற்றி அப்போது யாருக்கும் தெரியாது.

முதல் நாள் சட்டையில் தெரிந்தது. வலது கை பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தது, இடது கை பின்னாலேயே வந்து அவிழ்த்துக்கொண்டே போனது. ரஞ்சிதத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னாங்க, சின்னப் புள்ளையாட்டம்" என்றாள். பாண்டுரங்கன் சிரிக்கவில்லை. தன் இடது கையை, வீட்டுக்குள் நுழைந்துவிட்ட வேற்றாளைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைக்குப் போனதும் மானம் போனது. மகள் சீருக்குக் குடம் எடுத்த ஆதிமூலம், 'மதுமதி' என்று வெட்டச் சொன்னார். முதல் எழுத்து சரியாக விழுந்தது. இரண்டாவது எழுத்தில் இடது கை குடத்தை வெடுக்கென்று திருப்பிவிட, புதுக் குடத்தின் வயிற்றில் நீளமாக ஒரு கீறல். மன்னிப்புக் கேட்டு வேறு குடம் எடுத்தால், வலது கை நீட்டுவதற்குள் இடது கை அதைப் பிடுங்கி ஆதிமூலத்தின் முகத்துக்கு நேரே நீட்டியது. வியாபாரம் செய்கிற குடும்பத்தில் இடது கையால் ஒரு கரண்டியைக்கூடக் கொடுக்கமாட்டார்கள். "பொண்ணு சீரை இந்தக் கையாலயா தருவ பாண்டு?" என்று கேட்டுவிட்டு ஆதிமூலம் எதிர்க்கடைக்குப் போய்விட்டார். அன்றோடு மகன் விக்ரமன் அப்பாவைக் கடையில் உட்காரவிடவில்லை.

அதற்கப்புறம்தான் வினையே. தலை துவட்ட வந்த ரஞ்சிதத்தை அந்தக் கை நெஞ்சில் ஊன்றித் தள்ளியது. சுவரில் போய் மோதினாள். பாண்டுரங்கன் பதறி எழுந்தார். "நான் இல்ல ரஞ்சிதம். சத்தியமா நான் இல்ல" என்று குழந்தைபோல் அழுதார். கல்யாணமான நாள் முதல் அவளை ஒரு வார்த்தை கடிந்து பேசாத மனுஷன். அதனால்தான் அந்தக் கேள்வி அவளைப் பிடித்துக்கொண்டது. அவர் இல்லையென்றால் யார்? அவர் உடம்பில் அவரைத் தவிர வேறு யார் இருக்க முடியும்?

இதை அவள் புதுச்சேரி டாக்டரம்மாவிடம் கேட்டே விட்டாள். வித்யாஸ்ரீ என்று பெயர், சின்ன வயது, பொறுமைசாலி. மூளை இரண்டு பாதி என்றும், நடுவில் இருக்கிற பாலம் இவருக்குப் பழுதாகிவிட்டது என்றும் சொன்னாள். "இந்தப் பக்கம் செய்றது அந்தப் பக்கத்துக்குத் தெரிய மாட்டேங்குது, அம்மா. கையில எதையாவது பிடிக்கக் குடுத்து வைங்க. ஈரத் துண்டு குடுத்தாகூடப் போதும். பிடிச்சிக்கிட்டா அமைதியாயிடும்."

"அது கெடக்குது டாக்டரம்மா. ரெண்டு பாதிக்கும் மேல முதலாளின்னு ஒருத்தர் இருப்பாரில்ல? அவரு இன்னா பண்றாரு?"

"அப்படி ஒருத்தர் இருக்கிற இடம்னு எதையும் இதுவரைக்கும் யாரும் காட்டல அம்மா. உங்க கடையையே எடுத்துக்குங்க. ஆளாளுக்கு வேலை செய்றாங்க. எல்லாம் முடிஞ்ச பிறகு ஒருத்தன் வந்து, 'இதெல்லாம் நான்தான் செஞ்சேன், இதுக்காகத்தான் செஞ்சேன்'னு விவரமா சொல்றான். அவன் சொல்றதைக் கேட்டுப் பழகிட்டோம். அவனையே முதலாளின்னு நினைச்சிக்கிட்டோம். உங்க வீட்டுக்காரருக்கு மட்டுமில்ல, எனக்கும் உங்களுக்கும்கூட அப்படித்தானோன்னு ஆராய்ச்சி பண்றவங்க சந்தேகப்படுறாங்க."

முதலாளி இல்லாத கடை எத்தனை நாளைக்கு ஓடும் என்று ரஞ்சிதத்துக்குத் தெரியும். திரும்பி வருகிற பஸ்ஸில் கணவரின் இடது கையில் ஈரத் துண்டைத் திணித்துவிட்டு, திண்டிவனம் தாண்டும்வரை அதையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அதே வீட்டின் மாடி அறையில் கலைவாணி இருந்தாள். பாண்டுரங்கனின் அண்ணன் செல்லப்பனின் மனைவி. குழந்தை இல்லை. செல்லப்பன் பைக்கில் போய் லாரியில் அடிபட்டுச் செத்த பிறகு கலைவாணி சமையலறைக்கும் மாடிக்குமாக நடந்தே காலத்தைத் தள்ளினாள். யாரிடமும் ஒரு வம்பு கிடையாது. பாண்டுரங்கன் அண்ணியை நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார். காபி வேண்டுமென்றாலும் ரஞ்சிதத்திடம்தான் சொல்வார். அண்ணிக்கு அவ்வளவு மரியாதை என்று ரஞ்சிதம் பெருமையாக நினைத்திருந்தாள்.

பங்குனி அமாவாசைக்கு எல்லோருமாக மேல்மலையனூர் போனார்கள். டாக்டர் சொன்னது ஒரு காதில் இருந்தாலும் இன்னொரு காது சும்மா இருக்குமா? ஸ்பெஷல் பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு போய் அங்காளம்மன் சந்நிதிக்குப் பக்கத்தில் பாண்டுரங்கனை உட்கார வைத்தார்கள். அங்கே குறி சொல்கிற அம்மாக்கண்ணு என்பவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. நேராக இடது கையைப் பார்த்து, "யாரு நீ?" என்று அதட்டினாள்.

கை பதில் சொல்லுமா என்ன? அது துழாவியது. துழாவிப் பக்கத்தில் நின்ற கலைவாணியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டது. கிடைத்ததைப் பிடிப்பதுதான் அதன் குணம் என்று டாக்டர் சொன்னது ரஞ்சிதத்துக்கு நினைவிருந்தது. ஆனால் வலது பக்கம் நின்ற தன் முந்தானை அந்த இடது கைக்கு எட்டாது என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

"யாரும்மா இது?"

"எங்க பெரியம்மா" என்றான் விக்ரமன்.

"இவ வூட்டுக்காரன் எங்க?"

"பெரிய நைனா செத்துட்டாரு."

"அவன் இடது கைக்காரனா?"

செல்லப்பன் இடது கைக்காரன்தான். பொட்டணம் கட்டினாலும் கல்லாவைத் திறந்தாலும் அந்தக் கைதான் முந்தும். சின்ன வயசில் அந்தப் பழக்கத்தை விடவைக்க, அவர் அப்பா அவர் இடது கையைக் கடைத் தூணோடு சேர்த்துக் கட்டிவைப்பார் என்று குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். கடைசியில் கலைவாணிதான் வாய் திறந்தாள். "ஆமா" என்றாள். அவள் குரல் அவ்வளவு கெட்டியாக வந்து ரஞ்சிதம் கேட்டதில்லை.

பெயர் வெட்டாத பாத்திரம் யாருடையதாகவும் இருக்கலாம். வெட்டிவிட்டால் அப்புறம் பேச்சில்லை. அன்று அந்தக் கைக்கும் பெயர் வெட்டியாயிற்று. வீட்டுக்கு வந்ததும் விக்ரமன், "பெரிய நைனா சாப்ட்டாரா?" என்று கையை விசாரிக்க ஆரம்பித்தான். பாண்டுரங்கன் மட்டும், "பேயாவது பிசாசாவது, போடா" என்று சிரித்தார். ஆனாலும் வீட்டில் ஒரு நிம்மதி வந்தது உண்மை. ஆளில்லாத கையோடு குடித்தனம் செய்வதைவிடச் செத்தவன் கையோடு செய்வது சுலபமாக இருந்தது.

கலைவாணி மாடியிலிருந்து இறங்கி வந்தாள். கட்டிலின் இடது பக்கம் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டாள். அந்தக் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, இன்றைக்கு என்ன குழம்பு, கோட்டை பார்க்க வந்த கூட்டம் எவ்வளவு, கரண்ட் எப்போது போனது என்று அதனிடம் சொன்னாள். நகம் வெட்டிவிட்டாள். அவள் பிடித்திருக்கிறவரை கை பெட்டிப் பாம்பாக அடங்கிக் கிடந்தது. பாண்டுரங்கன் வலது பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு ரஞ்சிதத்தோடு பேசுவார். ஒரு மனுஷனுக்கு இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள். எந்தப் பெண் இதைத் தாங்குவாள், சொல்லுங்கள். ரஞ்சிதம் தாங்கினாள். ஆனால் ஒவ்வொரு நாளும் வயிறு எரிந்தது.

ஏனென்றால் டாக்டர் சொன்னதும் குறிக்காரி சொன்னதும் போக, மூன்றாவதாக ஒன்று அவள் மனதில் முளைத்துவிட்டது. அந்தக் கை தன்னைத் தள்ளுகிறது, அவளைப் பிடித்துக்கொள்கிறது. ஒருவேளை இத்தனை வருஷம் அவருக்குள்ளே ஒருவன் வாய் திறக்க வழியில்லாமல் உட்கார்ந்திருந்தானோ? அண்ணியை நிமிர்ந்து பார்க்காதது மரியாதை இல்லையோ? தன்னிடம் அன்பாக இருந்தது முழு மனுஷனா, பாதி மனுஷனா? இது தெரியாவிட்டால் தான் வாழ்ந்தது என்ன வாழ்க்கை என்றே அவளுக்குப் புரியாமல் போயிற்று.

ஒரு மத்தியானம் கலைவாணி ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். பாண்டுரங்கன் கண்ணயர்ந்திருந்தார். ரஞ்சிதம் சோப்புப் போட்டுக் கண்ணாடி வளையல்களைக் கழற்றி வைத்தாள், கலைவாணி கையில் வளையல் கிடையாது என்பதால். அந்த ஸ்டூலில் போய் உட்கார்ந்து, தன் கையை அவர் இடது கைக்குள் வைத்தாள்.

கை அவள் கையைப் பிடித்துக்கொண்டது. ரஞ்சிதத்துக்கு அழுகையே வந்துவிட்டது. டாக்டர் சொன்னதுதான் சரி, ஈரத் துண்டும் நானும் அவளும் அதற்கு ஒன்றுதான் என்று நெஞ்சு குளிர்ந்தது. அப்போது அவர் கட்டைவிரல் மெல்ல அசைந்து அவள் புறங்கையைத் தடவ ஆரம்பித்தது. நிதானமாக, அவசரமில்லாமல். கல்யாணமாகி இத்தனை காலத்தில் அந்த விரல் ஒரு நாளும் அவளை அப்படித் தடவியதில்லை.

பாண்டுரங்கன் விழித்தார். தலையைத் திருப்பினார். ஸ்டூலில் இருப்பது ரஞ்சிதம் என்று பார்த்தார். விரல்கள் விரிந்தன. கை அவளைத் தள்ளியது.

"யாருங்க தள்ளினது?" என்று கேட்டாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "கேக்குறேன் இல்ல? இப்ப என்னைத் தள்ளினது யாரு?"

"அண்ணன்" என்றார்.

பேயாவது பிசாசாவது என்று சிரித்த மனுஷன். சொல்லும்போது அவர் கண் ஜன்னலுக்கு வெளியே வெயிலில் கிடந்த ராஜகிரி மலைமேல் இருந்தது.

சித்திரையில் முகூர்த்தம் நெருங்கியது. குத்துவிளக்குக்கு ஆர்டர் வந்திருந்தது, விக்ரமன் சரக்கெடுக்கக் கும்பகோணம் போயிருந்தான். கடைப் பரணில் எது எங்கே இருக்கிறது என்பது, செல்லப்பன் இருந்த காலத்தில் அதை அடுக்கிவைத்த கலைவாணிக்குத்தான் அத்துப்படி. அவள் ஏணியில் ஏறினாள். விக்ரமன் புதிதாகப் போட்ட டைல்ஸில் அந்த மர ஏணி நிற்காது, கீழே ஒருவர் பிடித்தே ஆகவேண்டும். ரஞ்சிதம் பிடித்துக்கொண்டாள்.

கலைவாணி மேலே பாத்திரங்களைத் தள்ளிவைத்தபடியே பேசினாள். அவள் குரலில் இப்போதெல்லாம் ஒரு தெளிவு இருந்தது. "ரஞ்சிதம், நேத்து அவரு என் கையைப் பிடிச்சவரு, தூங்குற வரைக்கும் விடவே இல்ல தெரியுமா. உயிரோட இருந்தப்பகூட இப்பிடிப் பிடிச்சதில்ல. கட்டை விரலால தடவிக்கினே இருந்தாரு."

"ஆமாக்கா" என்றது ரஞ்சிதத்தின் வாய்.

அப்புறம் ரஞ்சிதம் பார்த்தது தன் இரண்டு கைகளையும்தான். அவை முந்தானையில் வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தன. அவை எப்போது ஏணியை விட்டன? அவள் விடச் சொல்லவில்லை. விடவேண்டும் என்று நினைத்ததாகவும் நினைவில்லை. ஏணியின் கால் டைல்ஸில் கிறீச்சென்று ஓடுவது கேட்டது. திரும்பப் பிடிக்க நேரம் இருந்ததா இல்லையா என்பது இன்றுவரை அவளுக்குத் தெரியாது. கைகள் முந்தானையிலேயே இருந்தன.

கலைவாணியின் தலை பித்தளை அண்டாவின் விளிம்பில் மோதியது. அதற்குமேல் அவளிடமிருந்து சத்தம் வரவில்லை.

"வழுக்கிடுச்சு. நான் பிடிச்சிக்கினுதான் இருந்தேன், வழுக்கிடுச்சு." கடையில் ஒருவரும் இல்லை. யாரும் எதுவும் கேட்கவில்லை. சொல்லிக்கொண்டிருந்தது தன் வாய்தான் என்று ரஞ்சிதத்துக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. எல்லாம் முடிந்த பிறகு வந்து விவரம் சொல்கிறவன் தனக்குள்ளும் வந்துவிட்டான் என்று அவளுக்கு அப்போதே தெரிந்தது.

போலீஸ் வந்து விசாரித்துவிட்டுப் போனது. டைல்ஸைப் பார்த்தார்கள், ஏணியைப் பார்த்தார்கள், தலையாட்டினார்கள். பஜார் அதைவிடச் சுருக்கமாக முடிவு சொல்லிவிட்டது. "செல்லப்பன் பொண்டாட்டியைக் கூட்டிக்கினு பூட்டான். அதுக்குத்தான் தம்பி கையில வந்து உக்காந்திருந்தான்." துக்கத்துக்கு வந்த பெண்கள் ரஞ்சிதத்தைக் கட்டிக்கொண்டு, "நீ இன்னா பண்ணுவ" என்று அழுதார்கள்.

உள்ளே முதலாளி இல்லையென்றால் குற்றவாளியும் இல்லை. டாக்டரின் பேச்சை அப்படித் திருப்பிப் போட்டு ரஞ்சிதம் இரண்டொரு நாள் அதில் தலைவைத்துப் படுத்துப் பார்த்தாள். தூக்கம் வரவில்லை. ஏணியை விட்டது யாரோ என்றால், கலைவாணியின் உயிருக்குப் பதில் சொல்லக்கூட ஆளில்லை என்றாகிவிடும். அவ்வளவு நாதியற்றவளாக அவள் போகக்கூடாது என்று நினைத்தபோது ரஞ்சிதத்துக்கு முதல்முறையாக அவளுக்காக அழுகை வந்தது.

செல்லப்பன் போய்விட்டால் கை அடங்க வேண்டும் இல்லையா? அடங்கவில்லை. அது கட்டிலின் இடது பக்கம் துழாவிக்கொண்டே இருந்தது. ஸ்டூலைத் தொட்டது, தடவியது, மறுபடி துழாவியது. ஈரத் துண்டைக் கொடுத்தால் வீசியது. பெரிய நைனா இன்னும் போகவில்லை என்று விக்ரமன் பயந்தான்.

கருமாதிக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க எவர்சில்வர் டம்ளர்கள் எடுத்து வைத்திருந்தார்கள். எல்லாவற்றிலும் கலைவாணி பெயரை வெட்ட வேண்டும். கடையிலிருந்து கொண்டுவந்த மிஷினை விக்ரமன் எடுத்தபோது பாண்டுரங்கன் எழுந்து வந்தார். "அண்ணி பேரை நான்தான் வெட்டுவேன்" என்றார்.

"உன்னால ஆவாது நைனா. டம்ளர் பாழாப் போவும்."

"நவுரு."

உட்கார்ந்தார். வலது கை மிஷினைப் பிடித்தது. ரஞ்சிதம் எட்டிப் பார்த்தாள். சீர்க் குடத்தைக் கீறிய அந்த இடது கை டம்ளரை எடுத்தது. மிஷின் முனைக்குக் கீழே அசையாமல் வைத்தது. ஒரு எழுத்து முடிந்ததும் கொஞ்சம் திருப்பியது, அடுத்ததற்குக் காத்திருந்தது. 'கலைவாணி' என்ற பெயர் பழையபடி கோணாமல் விழுந்தது. அடுத்த டம்ளரிலும், அதற்கடுத்ததிலும். வெட்டி முடித்தவற்றை அது ஓரமாக வரிசையாக வைத்தது.

"பாத்தியாம்மா, பெரிய நைனாதான்" என்றான் விக்ரமன், கண் கலங்கி. அய்யரைக் கூப்பிட நேரமாகிவிட்டதென்று வெளியே போனான்.

ரஞ்சிதம் கணவர் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். வெட்டி முடித்த டம்ளர்களை எடுத்து அடுக்கக் கையை நீட்டினாள். இடது கை டம்ளரைக் கீழே விட்டுவிட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்தது. துண்டைப் பிடிக்கிற பிடியில்லை. கலைவாணியின் கையைப் பிடித்த பிடியும் இல்லை.

"நான் இல்ல ரஞ்சிதம்" என்றார் பாண்டுரங்கன். "விடச் சொல்றேன், கேக்க மாட்டேங்குது." வலது கையால் அந்த விரல்களைப் பிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

"ஏணியை நான்தாங்க விட்டேன்" என்றாள் ரஞ்சிதம்.

மிஷின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதை நிறுத்தினார்.

"வழுக்கல. நான் விட்டேன். அக்கா மேல இருக்கும்போது நான் கையை எடுத்துட்டேன்." விவரம் சொல்கிறவன் இதற்கு ஒரு காரணம் தேடிக்கொண்டு ஓடிவருவது அவளுக்குத் தெரிந்தது, அவனைப் பேசவிடவில்லை. "யாரோ இல்ல. நான்."

பாண்டுரங்கன் அவளைப் பார்த்தார். அவர் கண் தளும்பியது. அந்தப் பழைய மனுஷனின் கனிவு முகத்தில் அப்படியே வந்து நின்றது.

"சும்மா இரு. உனக்கு மனசு சரியில்ல" என்றார். "அண்ணன் கூட்டிக்கினு பூட்டாரு ரஞ்சிதம். நீ இன்னா பண்ணுவ."

அவர் வாய் அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இடது கை அவள் மணிக்கட்டை மேலும் இறுக்கியது. கண்ணாடி வளையல் உடைந்து தோலுக்குள் ஏறியது. ரஞ்சிதம் கையை இழுத்துக்கொள்ளவில்லை.